சரக்கு வழிகள் மீளும் விதம்: கிள்ளான் பள்ளத்தாக்கின் அனுபவம்

மலேசியாவின் கிள்ளான் துறைமுகம் 2019இல், 20 அடிப் பெட்டிக் கணக்கில், 1 கோடியே 35 லட்சத்துக்கும் அதிகமான கொள்கலன்களைக் கையாண்டது. பெருந்தொற்றின் முதல் ஆண்டான 2020இல் அந்த எண்ணிக்கை 1 கோடியே 32 லட்சம். குறைவு மூன்று விழுக்காடுகூட இல்லை. இந்த எண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு, சரக்குப் போக்குவரத்து லேசாகத் தடுமாறி உடனே சுதாரித்துக்கொண்டது என்றுதான் தோன்றும். அதே ஆண்டில், துறைமுகத்திலிருந்து பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் இருக்கும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவில், நடமாட்டக் கட்டுப்பாட்டுக்கு நடுவே தீபாவளி வந்து போனது. புடவைக்கடை, மாலைக்கடை, பலகாரக்கடை எல்லாவற்றிலும் வாங்கி அடுக்கிய சரக்கு தேங்கிக் கிடந்தது. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் இதே நிலைதான்.

கப்பல் வந்தது, பெட்டி இறங்கியது, கடை எழவில்லை. இரண்டும் ஒரே வலையின் இரண்டு முனைகள். ஆகவே ஒரு சரக்கு வலை மீண்டுவிட்டது என்று எப்போது சொல்வது, எந்த முனையில் நின்றுகொண்டு சொல்வது என்ற கேள்வி எழுகிறது. 2020 தொடங்கி கிள்ளான் பள்ளத்தாக்கு பட்ட அடிகள் ஏராளம்: பெருந்தொற்று, 2021 வெள்ளம், முட்டைத் தட்டுப்பாடு, அரிசித் தட்டுப்பாடு, வெங்காயத் தடை, செங்கடல் நெருக்கடி, எரிவாயுக் குழாய் வெடிப்பு. ஒரே வட்டாரத்தில் இத்தனை வகைச் சோதனைகள் அடுத்தடுத்து நடந்ததால், உலகெங்கும் ஆய்வாளர்கள் சொல்லியிருப்பதை இங்கே உரசிப் பார்க்க முடிகிறது. உரசிப் பார்த்ததில் எனக்குத் தெளிவாவது இது: வலையின் பெரிய முடிச்சுகள் எப்படியும் எழுந்துவிடுகின்றன. கடைக்கோடி முடிச்சுகள் எழுவதும் எழாததும், தடை வருவதற்கு முன்பே இரண்டு விஷயங்களில் முடிவாகிவிடுகிறது. மாற்று வழி ஒன்று நல்ல நாளிலேயே புழக்கத்தில் இருந்ததா என்பது ஒன்று. கடன் தவணையைத் தள்ளிக்கொடுக்க ஓர் ஆள் இருந்தாரா என்பது மற்றொன்று.

மீட்சி பற்றிய சிந்தனை முதலில் சரக்கிலிருந்து பிறக்கவில்லை. கனடாச் சூழலியலாளர் சி. எஸ். ஹாலிங் 1973இல், காடும் ஏரியும் அடிபட்ட பின் என்ன ஆகின்றன என்று ஆராய்ந்தபோது, இரண்டு தன்மைகளைப் பிரித்துக் காட்டினார். நிலைகுலைந்த ஒன்று பழைய இடத்துக்கு எவ்வளவு விரைவில் திரும்புகிறது என்பது ஒரு தன்மை. எவ்வளவு அடி தாங்கியும் தன் இயல்பை இழக்காமல் இருக்கிறது என்பது வேறொரு தன்மை. சரக்கு வலைகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் முதலாவதை மட்டுமே அளக்கிறார்கள்.

நிர்வாகவியல் பக்கம் பயனுள்ள கருவி ஒன்றைத் தந்தவர் எம்.ஐ.டி. பேராசிரியர் டேவிட் சிம்சி-லெவி. ஃபோர்டு நிறுவனத்தோடு அவர் நடத்திய ஆய்வு 2014இல் வெளிவந்தது. அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். ஒரு கண்ணி அறுந்தால் அது மறுபடி முழுதாக இயங்க எத்தனை நாள் ஆகும்? அந்தக் கண்ணி இல்லாமல் மற்றவர்கள் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பார்கள்? முதல் விடை இரண்டாவதைவிடப் பெரிதாக இருக்கும் இடத்தில்தான் ஆபத்து. விலையுயர்ந்த பெரிய பாகங்களை மட்டும் கண்காணித்தால் போதாது, மலிவான சில்லறைப் பாகத்தைத் தரும் சின்னக் கம்பெனி நின்றுபோனாலும் பெரிய ஆலை நின்றுபோகலாம் என்று அந்த ஆய்வு காட்டியது. மளிகை வியாபாரம் செய்கிறவர்களுக்கு இது புதிதாக இராது. கறிவேப்பிலை வராத நாளில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையின் சமையலறை படும் பாட்டை அவர்கள் கண்டிருக்கிறார்கள்.

இந்த வட்டாரத்தின் சொந்த வரலாறே மீட்சியின் வரலாறுதான். 1881 ஜனவரியில் கோலாலம்பூர் தீப்பிடித்து எரிந்தது. அதே ஆண்டு டிசம்பரில் வெள்ளம் வந்து மிச்சத்தையும் கொண்டுபோனது. மரமும் அத்தாப்புக் கூரையுமாக இருந்த ஊரைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று பிரிட்டிஷ் நிர்வாகி பிராங்க் சுவெட்டன்ஹாம் ஆணையிட்டார். சூளைகள் பிரிக்பீல்ட்ஸில் எழுந்தன. 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றோரத்துப் புக்கிட் கூடாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. பின்னாளில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பாகி, தமிழகத்திலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்களின் ஊராயிற்று. எரிந்த ஊர் எரிந்தபடியே திரும்பி வரவில்லை. வேறு பொருளால், வேறு பாதையோடு வந்தது.

இதைவிட நேரான பாடம் துறைமுகத்தில் இருக்கிறது. போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் அது 1901 செப்டம்பரில் திறக்கப்பட்டது. சதுப்புக்காட்டை வெட்டி எழுப்பிய இடம். திறந்த சில வாரங்களிலேயே மலேரியா பரவி, துறைமுகக் கூலிகள், ரயில்வே ஆட்கள், கப்பல் சிப்பந்திகள் என்று கூட்டம் கூட்டமாக விழுந்தார்கள். இரண்டு மாதத்துக்குள் துறைமுகத்தை மூட உத்தரவாயிற்று. அப்போது கிள்ளானில் அரசு மருத்துவராக இருந்தவர் மால்கம் வாட்சன். ஆளுக்கு ஆள் கொய்னா கொடுப்பதோடு அவர் நிறுத்தவில்லை. காட்டைத் திருத்தி, கரை கட்டி, கால்வாய் வெட்டி, தேங்கிய நீரை வடிக்க வைத்தார். துறைமுகம் மறுபடி திறந்தது. கிள்ளான் நகரிலும் நோய் அடங்கியது. கொசு வளரும் நீரை அப்படியே விட்டுவிட்டுப் புது ஆட்களை மட்டும் இறக்கியிருந்தால், அவர்களும் விழுந்திருப்பார்கள். அப்படிப் புதிதாக இறக்க அன்றைக்கு ஆள் பஞ்சம் இருக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தமிழகத்திலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்துகொண்டிருந்த காலம் அது.

ஜப்பானியர் காலத்தில் அடி வேறு வகை. மலாயா தன் அரிசியில் பெரும்பகுதியைப் பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் வாங்கிக்கொண்டிருந்தது. அந்த வழி அடைபட்டதும் தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் தரித்தார்கள். 1945இல் போர் முடிந்தது, பங்கீடு முடியவில்லை. பர்மாவின் வயல்கள், படகுகள், ஆலைகள், கப்பல்கள் எல்லாம் சிதைந்திருந்தன. ஒரு முனையில் அமைதி வந்துவிட்டால் மறுமுனையில் சோறு வந்துவிடும் என்பதில்லை.

வலையின் வடிவம் மீட்சியை எப்படித் தீர்மானிக்கிறது என்பதை இயற்பியலாளர்கள் வேறொரு கோணத்தில் ஆராய்ந்தார்கள். ஆல்பர்ட், ஜியோங், பராபாசி மூவரும் 2000இல் வெளியிட்ட கட்டுரை புகழ்பெற்றது. சில பெரிய முடிச்சுகளில் எல்லா இழைகளும் வந்து சேரும் வலை, ஆங்காங்கே தற்செயலாக அறுபடுவதை எளிதாகத் தாங்கும். ஆனால் அந்தப் பெரிய முடிச்சில் அடி விழுந்தால் சிதறிவிடும். மலாக்கா நீரிணையின் சரக்கு வலை இந்த வடிவத்துக்கு நல்ல உதாரணம். சிங்கப்பூர், கிள்ளான், தஞ்சோங் பெலப்பாஸ் என்ற மூன்று முடிச்சுகள். கிள்ளானில் இறங்கும் பெட்டிகளில் பாதிக்கு மேல் மலேசியாவுக்கே உரியவை அல்ல; ஒரு கப்பலிலிருந்து இறங்கி இன்னொன்றில் ஏறிப் போகிறவை.

2024இல் இந்த வடிவத்தின் பலவீனம் வெளிப்பட்டது. 2023 நவம்பர் தொடங்கி செங்கடலில் ஏமனின் ஹூத்திகள் கப்பல்களைத் தாக்கியதால், ஐரோப்பாவுக்குப் போய்வரும் கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றத் தொடங்கின. பயணம் பத்து நாளுக்கு மேலும் நீண்டது. அட்டவணை குலைந்து, வாரம் முழுவதும் பிரிந்து வர வேண்டிய கப்பல்கள் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. மே மாதத்தில் சிங்கப்பூர் திணறியது. சில கப்பல்கள் அங்கே காத்திருக்காமல் கிள்ளானுக்குத் திரும்பின. அடுத்த சில வாரங்களில் கிள்ளானிலும் கப்பல்கள் வரிசையில் நின்றன. ஒரு முடிச்சைக் காப்பாற்றிய மாற்றுவழி, பக்கத்து முடிச்சை இறுக்கியது. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கிள்ளானுக்கு அது நல்ல ஆண்டு: 1 கோடியே 46 லட்சம் பெட்டிகள், அதுவரை இல்லாத உயரம்.

நல்ல ஆண்டு என்று துறைமுகக் கணக்கு சொல்லும் அதே மாதங்களில், சென்னையிலிருந்து வரும் ஒரு வெங்காயப் பெட்டிக்கு என்ன நேரும் என்று கிட்டே போய்ப் பார்க்கலாம். நேரடிக் கப்பல் என்றால் ஏறத்தாழ ஒரு வாரம். பெட்டி இறங்குமுன்பே ஃபார்வர்டிங் ஏஜெண்ட் சுங்கத்துறைக்குக் கே1 என்ற இறக்குமதிப் பாரத்தைப் போட்டிருப்பார். செடிநோய், பூச்சி சோதிக்கும் மாக்கிஸ் துறையின் அனுமதி வேண்டும். கப்பல் கம்பெனியின் ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். பிறகு இழுவை லாரி. காலிப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வரை எல்லாவற்றுக்கும் இலவச நாள்கள் எண்ணப்பட்டிருக்கும். அது தாண்டினால் துறைமுகத்துக்கு ஒரு வாடகை, கப்பல் கம்பெனிக்கு ஒரு தண்டம். நாலு கப்பல் ஒரே நாளில் வந்தால், சுங்க அதிகாரிகள் நாலு மடங்கு ஆவதில்லை, இழுவை லாரிகளும் நாலு மடங்கு ஆவதில்லை. கடலில் இரண்டு நாள் தாமதம் கரையில் நாலைந்து நாளாக நீளக்கூடும். வெங்காயம் அதுவரை பொறுக்காது. மூடிய பெட்டிக்குள் வெக்கை ஏறி, சாக்கின் நடுவில் இருப்பது ஈரம் கண்டு, முளை விட்டு, கறுக்கத் தொடங்கும். கதவைத் திறந்ததும் அடிக்கும் நெடியிலேயே மொத்த வியாபாரிக்கு நட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். சாக்கைக் கொட்டிப் பொறுக்க ஆள் வைத்து, தேறியதை விற்று, தேறாததை வீசக் காசு கொடுக்க வேண்டும். எந்தத் துறைமுகப் புள்ளிவிவரத்திலும் அந்தப் பெட்டி வெற்றிகரமாகக் கையாளப்பட்ட ஒரு பெட்டிதான்.

வெங்காயத்துக்கு வேறோர் அடியும் உண்டு, அது அரசாணையாக வருவது. இந்தியா 2019 செப்டம்பரில் வெங்காய ஏற்றுமதியைத் தடுத்தது. 2020 மார்ச்சில் நீக்கி, அதே ஆண்டு செப்டம்பரில் மறுபடி தடுத்தது. 2023 டிசம்பரில் மூன்றாம் முறை. வெங்காயம் விளையும் மகாராஷ்டிரத்தில் மழை தவறினாலோ, மிஞ்சினாலோ, இந்தியச் சந்தையில் விலை ஏறினாலோ, கிள்ளான் கடைகளில் அது தெரியும். 2020 தடையின்போது ஒரு சிறு கதவு திறந்தது: பெங்களூர் ரோஸ், கிருஷ்ணாபுரம் ஆகிய இரண்டு ரகங்களை மட்டும், தலா 10,000 டன், சென்னைத் துறைமுகம் வழியாக மட்டும் ஏற்றுமதி செய்ய இந்தியா அனுமதித்தது. இந்திய வீடுகளில் அதிகம் புழங்காத, மலேசியா, சிங்கப்பூர் போன்ற சந்தைகளையே நம்பிப் பயிராகும் ரகங்கள் அவை. அவற்றைத் தடுத்து வைத்தால் கர்நாடக, ஆந்திர உழவருக்கு நட்டம், இந்தியச் சந்தைக்கும் லாபமில்லை. நெடுங்காலமாகப் புழங்கி வந்த வியாபாரத் தடம் ஒன்று, தடை நாளில் தனிக் கதவாயிற்று. தடை வந்த பிறகு புதிதாக ஒரு ரகத்தைத் தேடி ஓடியிருந்தால் இது கிடைத்திராது.

முட்டையிலும் இதைக் காணலாம், ஆனால் அங்கே நம் பக்கத்துக் கொள்கையே முடிச்சாக நின்றது. உக்ரேன் போரால் சோளமும் சோயாவும் விலையேற, கோழித் தீவனம் ஏறியது. அரசு கோழிக்கும் முட்டைக்கும் உச்சவிலை வைத்திருந்தது. விற்கும் விலைக்கு உற்பத்திச் செலவே கட்டாதபோது பண்ணைக்காரர் கோழியைக் குறைத்தார். 2022 ஜூன் முதல் தேதி மலேசியா கோழி ஏற்றுமதியை நிறுத்தியது. ஆண்டின் இறுதியில் முட்டை கடைகளில் இல்லாமல் போயிற்று. ஆளுக்கு ஒரு தட்டு என்று கடைக்காரர்கள் எழுதி ஒட்டினார்கள். அப்போது வந்து இறங்கியது நாமக்கல் முட்டை. அதுவரை மலேசியச் சந்தைக்கு வராத சரக்கு. தமிழகத்தில் அது பெரிய செய்தியானது. மலேசியத் தமிழர்களுக்கும் அது ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் ஆய்வுக் கண்ணோடு பார்த்தால், நாமக்கல்லிலிருந்து முட்டை வர முடியும் என்பது 2022க்கு முன்பும் உண்மைதான். கால்நடைத் துறையின் அனுமதி, பண்ணைச் சோதனை, குளிர்ப்பெட்டி ஏற்பாடு ஆகியவை நெருக்கடிக்குப் பிறகு நடந்தன. முன்பே நடந்திருந்தால், ஆளுக்கு ஒரு தட்டு என்று கடைக்காரர்கள் எழுதி ஒட்ட வேண்டி வந்திராது.

அரிசியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடி விழுந்த இடம் ஒன்று, காயம் தெரிந்த இடம் வேறு. இந்தியா 2023 ஜூலை 20ஆம் தேதி பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடுத்தது. மலேசியாவில் அரிசி இறக்குமதி முழுவதும் பெர்னாஸ் என்ற ஒரே நிறுவனத்தின் கையில். அந்த உரிமை 2031 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் இறக்குமதி வெள்ளை அரிசியின் விலையை டன்னுக்கு 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. உள்நாட்டு அரிசியோ கிலோ 2 வெள்ளி 60 காசு என்று கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. எல்லோரும் உள்நாட்டு அரிசிக்கு ஓடினார்கள். சில நாள்களில் அது கடைகளிலிருந்து காணாமல் போனது. நாட்டில் நெல் விளைந்துகொண்டுதான் இருந்தது. எந்த வெள்ளமும் இல்லை, எந்தக் கப்பலும் கவிழவில்லை. இரண்டு விலைகளுக்கு நடுவே விழுந்த பள்ளமே தட்டுப்பாட்டை உண்டாக்கியது. அக்டோபரில் இந்தியா மலேசியா உட்படச் சில நாடுகளுக்கு விலக்கு அளித்தது; மலேசியாவின் பங்கு 1,70,000 டன். 2024 செப்டம்பரில் தடையே நீங்கியது. விலைக்கட்டுப்பாடு ஏழை வீட்டைக் காப்பதற்காக வைக்கப்பட்டது, அதன் நோக்கத்தில் எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் தடை நாளில் அது இறுகி நின்றால், சரக்கு எங்கே குறைவு என்று காட்டும் ஒரே அறிகுறியும் மறைந்துபோகிறது. வருமானம் குறைந்த குடும்பத்துக்கு நேரடியாகப் பணம் கொடுத்துவிட்டு விலையை அசையவிடுவது, கடையில் அரிசி இருக்கச் செய்யும் வழி என்பது என் துணிபு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அத்தியாவசியம் எது என்று பட்டியல் போட்டார்கள். உணவு அத்தியாவசியம். உணவை அடைக்கும் அட்டைப்பெட்டி? அதன் மேல் ஒட்டும் சீட்டு? துறைமுகம் திறந்திருந்தது, ஆனால் அத்தியாவசியமற்ற சரக்கை எடுத்துப்போகும் ஆலைகள் மூடியிருந்தன. பெட்டிகள் குவிந்தன. தளம் நிறைந்தால் அரிசிப் பெட்டியையும் இறக்க முடியாது என்பதால், மார்ச் இறுதியில் சில நாள் அந்தச் சரக்கையும் அப்புறப்படுத்த அனுமதி தர வேண்டியிருந்தது. கேமரன் மலையில் உழவர்கள் காய்கறியைக் கொட்டினார்கள். சந்தைகளின் நேரம் சுருங்கியதால் வாங்க ஆளில்லை. ஏப்ரலில் செலாயாங் மொத்தச் சந்தை வட்டாரம் முள்வேலிக்குள் போனது. அங்கே மூட்டை தூக்கியவர்களில் பெரும்பாலோர் அந்நியத் தொழிலாளர்கள். அவர்கள் வரக்கூடாது என்றதும், மூட்டைக்கு ஆள் இல்லாமல் சந்தை தளர்ந்தது. அந்த வலையைத் தாங்கி நின்ற தோள்கள் யாருடையவை என்று பல அதிகாரிகளுக்கு அன்றுதான் தெரிந்திருக்கும்.

கிள்ளான் மேரு பகுதியில் தொழிலாளரை மறந்ததன் கடுமையான வடிவத்தைக் கண்டோம். உலகின் ரப்பர் கையுறையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அப்போது மலேசியாவில் தயாரானது. உலகமே கையுறைக்குத் தவித்த 2020 நவம்பரில், டாப் குளோவ் நிறுவனத்தின் 28 ஆலைகளைப் படிப்படியாக மூட அரசு உத்தரவிட்டது. நெருக்கியடித்த தங்குவிடுதிகளில் ஆயிரக்கணக்கான தொழிலாளர்களுக்குத் தொற்று. அதே நிறுவனத்தின் சரக்கை, கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டால், அமெரிக்கா அந்த ஜூலையிலேயே தடுத்திருந்தது. தடை 2021 செப்டம்பரில்தான் நீங்கியது. 1901இல் துறைமுகக் கூலி விடுதிகளில் நடந்தது ஏறத்தாழ 120 ஆண்டு கழித்து, சில கிலோமீட்டர் தள்ளி, மறுபடி நடந்தது. தொழிலாளி படுக்கும் இடம் சரக்கு வலையின் ஒரு பாகம். அது கெட்டிருந்தால் எந்த எந்திரமும் ஓடாது.

கையுறையின் பின்கதையும் பாடமானது. ஜே ஃபாரஸ்டர் 1961இலேயே எழுதி, ஹாவ் லீயும் அவருடைய கூட்டாளிகளும் 1997இல் விளக்கிய ஒரு விளைவு உண்டு. கடைசி வாடிக்கையாளர் பக்கம் சிறிதாகத் தொடங்கும் ஏற்றம், சில்லறை, மொத்தம், ஆலை என்று பின்னோக்கிப் போகப் போகப் பெருத்துக்கொண்டே போகும். ஒவ்வொருவரும் பயத்தில் கொஞ்சம் கூடுதலாகக் கேட்பது ஒரு முக்கியக் காரணம். 2021 நிதியாண்டில் டாப் குளோவ் 700 கோடி வெள்ளிக்கு மேல் லாபம் கண்டது. கண்டவர்கள் எல்லாரும் கையுறை ஆலை போட்டார்கள். மருத்துவமனைகள் வாங்கிக் குவித்திருந்ததைத் தீர்க்கத் தொடங்கியதும் கேள்வி சரிந்தது. 2023இல் அதே நிறுவனம் நட்டத்தில் இருந்தது. மீட்சியே இரண்டாவது அடியாகத் திரும்பி வருவது உண்டு.

2021 டிசம்பர் வெள்ளத்துக்கு வருகிறேன், இங்கேதான் நெடுநேரம் நிற்க விரும்புகிறேன். டிசம்பர் 17, 18 தேதிகளில், ஒரு மாதத்தில் பெய்வதைவிட அதிகமான மழை ஒரே நாளில் கொட்டியது. ஷா ஆலமின் தாமான் ஸ்ரீ மூடாவில் மக்கள் கூரையில் ஏறி நின்றார்கள். பலரை மீட்டவை அக்கம்பக்கத்தாரின் படகுகள். புள்ளியியல் துறை பின்னர் வெளியிட்ட கணக்கில் நாடெங்கும் சேதம் 610 கோடி வெள்ளி, அதில் சிலாங்கூர் மட்டும் 310 கோடி. உற்பத்தித் துறைக்கு 90 கோடி, வியாபார இடங்களுக்கு 50 கோடி, வாகனங்களுக்கு 100 கோடி. சில்லு தயாரிக்கும் கருவிகளைச் செய்யும் டச்சு நிறுவனமான பெசியின் ஷா ஆலம் ஆலையும் பாதிக்கப்பட்டது, அதுவும் உலகமே சில்லுக்குத் தவித்த நேரத்தில். அப்படிப்பட்ட ஆலைகளுக்குக் காப்புறுதி உண்டு, வெளிநாட்டுத் தலைமையகம் உண்டு, காத்திருக்கும் வாடிக்கையாளர் உண்டு. ஆகவே அவை எழும்.

ஸ்ரீ மூடாவில் தண்ணீர் வடிந்த பின் சாலையின் இருபுறமும் மலை மலையாகக் கிடந்தவற்றில், வீட்டுச் சாமான்களோடு கடைச் சாமான்களும் இருந்தன. ஒரு சிறு மளிகைக் கடையை எண்ணிப் பாருங்கள். கீழ்த்தட்டில் அரிசி, மாவு, பருப்பு மூட்டைகள். கனமானவை எப்போதும் கீழேதான் இருக்கும். நீர் ஏறியதும் முதலில் போவது கடையின் பெருமதிப்புள்ள சரக்கு. பெரிய குளிர்பெட்டி மிதந்து கவிழும். வெளியே நிற்கும் வேன் முழுகும். வாகனக் காப்புறுதியில் வெள்ளச் சேதத்துக்குத் தனியாகக் கட்டணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. கல்லாப்பெட்டியோடு கடன் நோட்டும் நனைந்து ஊறி, யார் எவ்வளவு தர வேண்டும் என்பது மையாகக் கரைந்து போயிருக்கும். அந்தக் கடைக்காரர் எந்த மொத்த வியாபாரியிடம் பாக்கி வைத்திருக்கிறாரோ அவரிடமே திரும்பப் போய், பழைய பாக்கியைத் தள்ளி வைத்துப் புதுச் சரக்கும் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். மொத்த வியாபாரி சரி என்றால் கடை இரண்டு மூன்று வாரத்தில் திறக்கும். இல்லை என்றால் நகை அடகுக்குப் போகும். அல்லது கூட்டுப் பணச் சீட்டை முன்கூட்டி எடுப்பார்கள். அந்தச் சீட்டு 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி தடை செய்யப்பட்டது என்பது அவர்களுக்கும் தெரியும். வங்கி கேட்கும் தாள்கள் அத்தனையும் வெள்ளத்தில் போன மனிதருக்கு வேறு என்ன இருக்கிறது?

சிம்சி-லெவியின் இரண்டு கேள்விகளை இந்தக் கடைக்குக் கொண்டுவந்தால், தாக்குப்பிடிக்கும் நாளைச் சரக்கிருப்பால் அளக்க முடியாது என்று தெரிகிறது. இருப்பு முழுவதும் போய்விட்டது. அதை அளப்பது மொத்த வியாபாரியின் பொறுமை. அந்தப் பொறுமைக்கும் பின்னால் அவருடைய இறக்குமதிக் கடன், அதற்கும் பின்னால் ஒரு வங்கித் தவணை. வலை என்று நாம் சொல்வதில் சரக்கு ஒரு திசையில் ஓடுகிறது, கடன் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஆய்வுகள் சரக்கின் ஓட்டத்தை மிக நுட்பமாக வரைந்திருக்கின்றன. கடனின் ஓட்டத்தை, அதுவும் கைமாற்றாகவும் வாய்ச்சொல்லாகவும் ஓடும் கடனை, கிட்டத்தட்ட தொடவே இல்லை.

நல்ல உறவு என்ன செய்யும் என்பதற்கு உலகறிந்த சான்று ஜப்பானில் உண்டு. 1997 பிப்ரவரி முதல் தேதி ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலை எரிந்தது. டொயோட்டா கார்களின் பிரேக்குக்கு வேண்டிய ஒரு சின்ன வால்வை ஏறத்தாழ முழுவதுமாக அந்த ஆலைதான் செய்துகொண்டிருந்தது. டொயோட்டாவின் உற்பத்தி நின்றது. ஆனால் தையல் எந்திரம் செய்யும் பிரதர் உட்பட இருநூறுக்கு மேற்பட்ட கம்பெனிகள், விலை பேசாமல், ஒப்பந்தம் எழுதாமல், வரைபடத்தை வாங்கிக்கொண்டு அந்த வால்வைச் செய்யத் தொடங்கின. ஒரு வாரத்துக்குள் கார் உற்பத்தி திரும்பியது. பல ஆண்டுப் பழக்கம் இல்லாமல் இது நடக்காது. ஆனால் 2011 பூகம்பத்தை ஆராய்ந்த கார்வால்யோ குழு 2021இல் காட்டியபடி, அதே ஜப்பானில், அடிபட்ட சில மாவட்டங்களின் பாதிப்பு வாங்குகிறவர், விற்கிறவர் வழியே நாடு முழுவதும் பரவி, ஆண்டு வளர்ச்சியில் ஏறத்தாழ அரை விழுக்காட்டுப் புள்ளியைக் குறைத்தது. நெருக்கமான உறவு உதவியையும் கடத்தும், அடியையும் கடத்தும்.

அப்படியானால் எல்லாவற்றையும் உள்நாட்டிலேயே செய்துகொள்ளலாமே என்பது 2020க்குப் பிறகு எங்கும் கேட்ட குரல். பொனாடியோ முதலியோர் 2021இல் 64 நாடுகளை வைத்துக் கணக்கிட்டதில், பெருந்தொற்றுப் போன்ற அடிக்கு அது காப்பாக இராது என்று வந்தது. உள்நாட்டு ஆலையும் ஊரடங்கில் மூடித்தானே கிடக்கும்? சரியான வாதம். ஆனால் வெங்காயத் தடையும் அரிசித் தடையும் வேறு வகை அடிகள். அவற்றுக்கு உள்நாட்டு விளைச்சலோ இரண்டாவது நாடோ உதவும். 2025 ஏப்ரல் முதல் தேதி புத்ரா ஹைட்ஸில் எரிவாயுக் குழாய் வெடித்து, பல குடும்பங்கள் வீடிழந்தபோது, ஆலைகளுக்கான எரிவாயு குறைந்தது. அங்கே தேவைப்பட்டது பக்கத்திலேயே இன்னொரு குழாய்ப் பாதை. ஒவ்வோர் அடிக்கும் ஒவ்வொரு மாற்று. எல்லா அடிக்கும் பொதுவான ஒன்று உண்டென்றால், மாற்று என்பது சும்மா பட்டியலில் இருந்தால் போதாது, அதன் வழியாக எப்போதும் கொஞ்சம் சரக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அந்தக் கொஞ்சத்துக்கு நல்ல நாளில் கூடுதல் விலை கொடுக்க வேண்டும். அந்த விலையைக் கொடுக்கப் பெரிய நிறுவனத்துக்கு வலு உண்டு, ஜாலான் தெங்கு கிளானாக் கடைக்காரருக்கு இல்லை. அரசு நுழைய வேண்டிய இடம் இதுதான்.

கிள்ளான் துறைமுகத்தின் வெஸ்ட்போர்ட்ஸ் முனையம் தன் கொள்ளளவை ஆண்டுக்கு 1 கோடியே 40 லட்சம் பெட்டியிலிருந்து 2 கோடியே 70 லட்சத்துக்கு உயர்த்தும் வேலையைத் தொடங்கிவிட்டது. பெரிய முடிச்சு இன்னும் பெரிதாகும். இன்னொரு பக்கம், மலேசிய வேளாண் ஆய்வுக் கழகமான மார்டி, பிஏடபிள்யூ-1, 2, 3 என்று மூன்று சிறு வெங்காய ரகங்களை உருவாக்கி உழவர்களிடம் கொடுத்திருக்கிறது. 2030க்குள் இறக்குமதியைச் சார்ந்திருப்பதில் 30 விழுக்காட்டைக் குறைப்பது இலக்கு. மழையும் ஈரமும் மிகுந்த மண்ணில் வெங்காயம் எடுப்பது எளிதல்ல, ஆனால் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். இந்தியாவில் தடை இருக்கும் ஆண்டில் அதை வாங்க வியாபாரிகள் வரிசையில் நிற்பார்கள். தடை இல்லாமல், சென்னையிலிருந்து மலிவாகச் சரக்கு வந்து குவியும் ஆண்டில் செலாயாங் சந்தையில் அதை யார் எடுப்பார்கள்? அரிசிக்கு இருப்பதுபோல வெங்காயத்துக்கும் ஒரு சிறு பகுதிக்கு உறுதிக் கொள்முதல் வைக்கலாம். பள்ளி, மருத்துவமனை, ராணுவச் சமையலறைகளே அதற்குப் போதும். ஒரு நல்ல அறுவடை ஆண்டில் விலை கிடைக்காமல் போனால், அந்த உழவர் அடுத்த பருவம் மிளகாய் போட்டுவிடுவார்.